வடக்கே ஏறுமா, தெற்கே ஏறுமா

தேங்காய் நார்க் கயிற்றுக்கு இரண்டு வாசனை உண்டு, காய்ந்து பரணில் கிடக்கும்போது பழைய வைக்கோலும் தூசியும் கலந்தது ஒன்று, தண்ணீர் பட்டதும் அது ஊறிக் கிடந்த உப்பங்கழியின் சேறும் அழுகலும் அடியிலிருந்து எழுந்து வருவது இன்னொன்று, இந்த இரண்டாவது வாசனை மூக்கில் ஏறினால் போதும், வேளாங்கண்ணிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடலோரத்தில் வளர்ந்த யாருக்கும் ஐப்பசி பிறந்துவிட்டது என்று உடம்பே சொல்லிவிடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று இந்த முறை செய்தி வந்ததும் தம்பி மகன் கடைத்தெருவுக்குப் போய் நீல நிற நைலான் கயிறு இரண்டு சுருள் வாங்கி வந்து திண்ணையில் போட்டான், நான் அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை, வழவழவென்று கையில் நிற்காமல் நழுவியது. பரணில் தாத்தா காலத்துக் கயிறு ஒன்று கிடக்கிறதா என்று ஏறித் தேடினேன், எலி கடித்தது போக முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு இருந்தது, அதை முற்றத்துச் சொம்புத் தண்ணீரில் நனைத்ததும் அந்தச் சேற்று வாசனை வந்தது, கூடவே கூரை மேல் குந்தியிருக்கும் தாத்தாவும் வந்தார்.

அவர் கயிற்றை நனைத்துக் கட்ட மாட்டார். காய்ந்த கயிறாகவே இழுத்து முடிச்சுப் போடுவார், மழை பட்டால் நார் உப்பி முடிச்சு தன்னால் கெட்டிப்படும், அப்புறம் அதை அவிழ்க்க அரிவாள்தான் வேண்டும் என்பார். அப்போது எங்கள் வீடு மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருந்தது, புயல் வருகிறது என்றால் முதல் வேலை கூரை மேல் பழைய வலையை விரிப்பது, தொழிலுக்கு ஆகாமல் கிழிந்த வலையை மீனவர் தெருவில் நெல் கொடுத்து வாங்கி அப்பாயி வருஷம் முழுக்கச் சுருட்டி வைத்திருப்பாள், அது மேலே ஏறியதும் கருவாட்டு வாசனை வீட்டுக்குள் இறங்கும், தெருப் பூனையெல்லாம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றி வரும். பிறகு மோட்டின் மேலே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கயிற்றை வீசி, இரண்டு முனைகளையும் சவுக்கு முளைகளில் கட்டுவார், முளையை நேராக அடிக்காமல் அதன் தலை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிப்பார், "நேரா அடிச்ச முளை ஒரு இழுப்புக்கு வந்துரும்டா" என்று சொல்லிக்கொண்டே மரச்சுத்தியை ஓங்குவார், அந்தச் சுத்தியின் சத்தம் பக்கத்துத் தோப்பில் பட்டுத் திரும்பி வரும், காற்று அசையாத பிற்பகல்களில் அது வெகு தூரம் கேட்கும். புயலுக்கு முந்தைய நாள் அப்படித்தான் இருக்கும், இலை அசையாது, வியர்வை காயாது, வானம் செம்புத் தவலையின் உட்புறம் போலச் சிவந்து கிடக்கும்.

தாத்தா இளமையில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகு வேலை பார்த்தவர். கப்பல் கரையைத் தொடாத துறைமுகம் அது, மலாயாவுக்குப் போகும் ரஜூலா கப்பல் கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, ஆட்களையும் மூட்டைகளையும் படகில்தான் ஏற்றி இறக்க வேண்டும், அதனால் கொடிமரத்தில் தொங்கும் எச்சரிக்கைக் கூண்டைப் படிக்கத் தெரியாதவன் அங்கே பிழைக்க முடியாது. பகலில் கூம்பும் உருளையுமாகக் கறுப்பு உருவங்கள், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள், 1 என்றால் தொலைவில் எங்கோ கடல் கெட்டிருக்கிறது, 5 ஏறினால் ஆபத்து, 8 ஏறினால் பேராபத்து, 11 என்பது காற்றின் வேகத்தைச் சொல்வதே அல்ல, எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி அவரவர் பாடு என்று சொல்வது. இதை ஊரில் பலரும் அரைகுறையாக அறிந்திருந்தார்கள், எண் பெரிதாக ஆகப் பயமும் பெரிதாகும் என்ற அளவில். தாத்தா அந்த எண்களுக்குள் இருந்த வேறொன்றைப் பார்ப்பார். 5, 6, 7 மூன்றுமே ஆபத்துதான், ஆனால் 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போகிறது, 6 என்றால் வலப்பக்கம், 7 என்றால் தலைக்கு மேலேயே, 8, 9, 10 எண்களிலும் அதே வரிசை. மேற்கு நோக்கி வரும் புயலின் இடப்பக்கம் நாம் இருந்தால் அது நமக்கு வடக்கே கரையேறுகிறது என்று பொருள், வலப்பக்கம் இருந்தால் தெற்கே.

அந்த ஒரு விஷயத்தில்தான் அவருடைய மொத்தக் கணக்கும் இருந்தது. நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால், அது கரையேறும் இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் காற்று கடலிலிருந்து வீசும், தண்ணீரையும் கூடவே தள்ளிக்கொண்டு வரும், தெற்கே இருப்பவர்களுக்கு அது நிலத்திலிருந்து, மேற்கேயிருந்து வரும். இந்தச் சுழற்சியை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, "வடக்கே ஏறினா கூரை போவும், தெக்கே ஏறினா கடலும் வரும்" என்று மட்டும் சொல்வார், சொல்லிவிட்டு எந்த வாசலை அடைப்பது, எந்தப் பக்கத்துச் சாமானை எந்தப் பக்கம் மாற்றுவது, மாட்டை எந்தத் திசைக்கு ஓட்டிவிடுவது என்று வேலையைத் தொடங்கிவிடுவார்.

1977 நவம்பரில் தீபாவளி முடிந்த கையோடு அது வந்தது. பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் திருச்சி வானொலி நிலையத்தின் செய்தி, அதைச் சுற்றிப் பெரியவர்கள் குந்தியிருக்க, நான் அப்பாயி கொடுத்த அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையேறும் என்ற வரி வந்ததும் தாத்தா எழுந்துவிட்டார், மீதிச் செய்தியைக் கேட்க நிற்கவில்லை, நாகை எங்களுக்கு வடக்கே, ஆகவே காற்று மேற்கேயிருந்து, ஆகவே போகப்போவது கூரை. வீட்டுக்கு வந்தவர் ஏணியைச் சாத்தி மேற்குத் தாழ்வாரத்தின் கீற்றைத் தன் கையாலேயே பிரித்து இறக்கத் தொடங்கினார், போன சித்திரையில் வேய்ந்த கீற்று, இன்னும் மஞ்சள் நிறம் மாறாதது. எனக்குப் புரியவில்லை, புயல் பிய்க்கப்போகிறதை நாமே ஏன் பிய்க்க வேண்டும் என்று கேட்டேன், ஏணியிலிருந்தபடியே சொன்னார், "தாவாரத்தைப் பிடிச்சுத்தான் காத்து மொத்தக் கூரையையும் தூக்கும், அதுக்குப் பிடி கொடுக்கக் கூடாது."

அன்று மாலைவரை அந்த வீட்டில் நடந்ததெல்லாம் இப்படி எதையாவது விட்டுக்கொடுக்கும் வேலைதான் என்பது இவ்வளவு காலம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. மரமேறுகிறவரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றியிருந்த தென்னைகளில் அடிமட்டைகளையும் குலைகளையும் வெட்டிப் போடச் சொன்னார், தலைச்சுமை குறைந்தால் மரம் நிற்கும் என்று, இளநீரும் குரும்பையுமாகத் தரையில் கிடந்ததை அப்பாயி திரும்பிப் பார்க்காமல் தாண்டித் தாண்டி நடந்தாள். தீபாவளிப் பலகாரம் இருந்த பிஸ்கெட் டின்னைக் கவிழ்த்து, எங்களையும் எதிர் வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டுத் தின்னுங்கடா என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, நிலப் பத்திரம், ரேஷன் அட்டை, தீப்பெட்டிகள், தன் திருநீற்றுப் பை எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, மாவு பிசைந்து மூடியின் விளிம்பில் அப்பினாள். விதை நெல்லை மட்டும் பானையில் கொட்டித் துணியால் வாய்கட்டி விட்டத்தில் தொங்கவிட்டாள், சாப்பாட்டு நெல் பத்தாயத்தில் இருந்தபடியே இருக்கட்டும் என்றாள். அண்டா, தவலை, குடம், கடைசியில் சாம்பார்ச் சட்டி வரை கிணற்றுத் தண்ணீர் நிரம்பியது, கடல் தண்ணீர் கிணற்றில் கலந்தால் மாதக் கணக்கில் வாயில் வைக்க முடியாது. இருட்டுவதற்கு முன் தாத்தா பசுவைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்தார், கழுத்துக் கயிற்றையும் கழற்றினார், எங்காவது மாட்டிக்கொள்ளும் என்று, அதன் முதுகில் தட்டி மேட்டுப் பக்கம் விரட்டினார், அது போகாமல் நின்று நின்று திரும்பிப் பார்த்தது, மறுபடி தட்டினார்.

அமாவாசையை ஒட்டிய இருட்டு. நடு அறையில் பத்தாயத்தில் சாய்ந்தபடி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், மண்சுவர் நனையும் வாசனை முதலில் இதமாக இருந்து பிறகு மூச்சை அடைத்தது, கயிறுகள் கூரையின் மேல் விண் விண்ணென்று தெறித்தன, அப்பாயி ஒரு சத்தமும் போடாமல் வெற்றிலையை மடித்து மடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள், அந்த இருட்டில் வெற்றிலைக் காரமும் சுண்ணாம்பும் இருக்கும் திசையில் அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விடியும்போது மேற்குப் பக்கக் கூரை பாதி போயிருந்தது, மீதி நின்றது. பசு மூன்றாம் நாள் தானாக வந்தது. வெட்டிய தென்னைகள் எல்லாம் மொட்டைத் தலையோடு நின்றன. இதை அந்த வீட்டின் வெற்றி என்று சொல்ல மாட்டேன், எங்கள் தெருவிலேயே அதே கயிறு, அதே முளை, அதே வேலையெல்லாம் செய்தும் சுவர் விழுந்து செத்தவர்கள் உண்டு, அந்தப் புயலில் தமிழ்நாட்டில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள், ஒரு வாரம் கழித்து நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமாவில் ஏறிய இன்னொரு புயல் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று தாத்தா சாப்பிடவில்லை.

அடுத்த தை அமாவாசைக்கு அவர் என்னை ராமேஸ்வரத்துக்கு அழைத்துப் போனார், அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டுவிட்டு, அப்பாயிக்குத் தங்கை முறையாகிற ஒரு கிழவி வீட்டில் தங்கினோம், அவள் ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் இருந்தவள். 1964 டிசம்பர் 22 இரவு அந்த ஊரைக் கடல் எடுத்துக்கொண்டதை அவள் கதையாகச் சொல்லவில்லை, மீன் கழுவிக்கொண்டே இடையிடையே ஒரு வரி சொல்வாள், ரயில் வரவேண்டிய நேரம் என்பாள், பிறகு உப்பைத் தேய்ப்பாள், தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வந்தது என்பாள், பயணிகளோடு ரயிலையே அலை இழுத்துக்கொண்டதையும் அதே குரலில்தான் சொன்னாள். பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற ரயில்வே எஞ்சினியர் 46 நாளில் சரிசெய்துவிட்டதைத் தாத்தா வியந்து பேசியபோது, பாலம் வந்துவிட்டது, அதில் ஏறிப் போக எனக்கு ஊர்தான் இல்லை என்றாள். குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டிருந்தது. மறுநாள் மணலில் நடந்துபோய்ப் பார்த்தோம், பவளப்பாறையும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தேவாலயச் சுவர்கள் கூரையில்லாமல் நின்றன, உள்ளே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது, வெயில் பட்ட சுண்ணாம்பிலிருந்து எங்கள் அப்பாயியின் வெற்றிலைப் பெட்டி வாசனை வந்தது. தாத்தா சுவரில் கைவைத்துத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார், இங்கே எந்த முளையை எந்தப் பக்கம் சாய்த்து அடித்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும், ஆனால் திரும்பும்போது அவர் சொன்னது வேறு, இந்த மண்ணில் வீட்டைக் காப்பாற்றப் பார்க்கக்கூடாது, ஆள் முன்னாலேயே கிளம்பியிருக்க வேண்டும் என்றார். அன்று இரவு அந்தக் கிழவி தன் பேரனைப் படுக்கவைத்து, சேலை முந்தானையின் நுனியை அவன் அரைஞாணில் முடிந்துகொண்டு படுத்தாள். புயல் மாதம் எப்போதோ தாண்டியிருந்தது, ஆனாலும் அவளுக்கு அதுதான் பழக்கம்.

கஜா புயல் வந்தபோது நான் சென்னையில் அடுக்குமாடியில் இருந்தேன். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி அது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது, எங்கள் ஊருக்குத் தெற்கே. கைப்பேசித் திரையில் அந்த வட்டம் மணிக்கு மணி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தாத்தா வாழ்நாள் முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட விவரமெல்லாம் அதில் இருந்தது, தம்பியைக் கூப்பிட்டுத் தெற்கே ஏறுகிறது, கடல் வரும் என்று சொன்னேன், எத்தனையாம் எண் கூண்டு என்று அவன் கேட்டான், பிறகு தொடர்பு போய்விட்டது. இரண்டு நாள் கழித்து மரங்களை அறுத்து அறுத்து வழி உண்டாக்கிய சாலையில் போய்ச் சேர்ந்தேன். ஊர் வரும் முன்பே வாசனை வந்தது, முறிந்த தென்னங்குருத்தின் பச்சை வாடை, அதற்குமேல் கடல் கொண்டுவந்து போட்ட கறுப்புச் சேற்றின் நாற்றம். வீட்டுக்குள் நுழைந்தபோது ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்தும் என்ன என்று பிடிபடவில்லை, பிறகுதான் அது வெளிச்சம் என்று புரிந்தது, தோப்பின் நிழலில் எப்போதும் மங்கலாக இருந்த கூடத்தில் பட்டப்பகல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது, சுற்றி ஒரு தென்னையும் இல்லை. மட்டை வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றான் தம்பி, அது உண்மைதான், மரமேறும் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வெகுநாள் ஆகிறது. ஒரு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று நிவாரணம் வந்தது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தவர்களுக்கும் அதே கணக்கு. மாட்டுக் கொட்டகையின் தகரங்கள் அரைமைல் தள்ளி ஒரு புளியமரத்தில் சுற்றிக்கொண்டு கிடந்தன. பசு கட்டிய இடத்திலேயே செத்திருந்தது, கழுத்துக் கயிறு நைலான்.

கஜா வரும் முன்பே ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து முகாமுக்குப் போகச் சொன்னார்கள், எல்லோரும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்குப் போனார்கள், அதனால்தான் தம்பி குடும்பம் இன்றைக்கு இருக்கிறது, இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, தனுஷ்கோடிச் சுவரில் கைவைத்துக்கொண்டு தாத்தா கேட்டது இதைத்தான். ஆளைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டிருக்கிறோம். ஆனால் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதோடு வீட்டுக்குச் செய்யவேண்டியது முடிந்துவிடுகிறது, தளம் போட்ட வீடு தானே தாங்கும் என்று விட்டுவிடுகிறோம், கொட்டகையும் மாடும் மரமும் கிணறும் அந்த எண்ணத்துக்குள் வருவதில்லை. காங்கிரீட் வீட்டில் மழைக்கு எந்த வாசனையும் எழுவதில்லை, ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது சத்தமாக மட்டுமே இருக்கிறது.

நார்த் துண்டைத் திண்ணையில் காயப்போட்டுவிட்டுத் தம்பி மகனிடம், புயல் நமக்கு வடக்கே ஏறுமா, தெற்கே ஏறுமா என்று கேட்டேன். கைப்பேசியை என் பக்கம் திருப்பி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று சொல்லத் தொடங்கினான், அது இருக்கட்டும், வடக்கா தெற்கா என்றேன், விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வடக்கே என்றான், அப்படியானால் காற்று மேற்கேயிருந்து வரும், கொட்டகை மேற்கே திறந்து கிடக்கிறது என்றேன். அவன் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு தகரத்தைக் கட்டக் கிளம்பினான், கட்ட வேண்டாம், போல்ட்டைக் கழற்றி இறக்கிவிடலாம் என்றேன், நல்லா இருக்கிற கொட்டகையை நாமளே பிரிக்கிறதா பெரியப்பா என்று நின்றான், அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானதுதான், எனக்குக் கிடைத்த பதிலையே அவனுக்கும் சொன்னேன். வயது காரணமாக ஏணியின் கீழே நின்று பிடிப்பதுதான் என் வேலையாயிற்று, அவன் மேலே ஏறி ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி என் கையில் போட்டான், துருவின் வாசனை விரலில் ஒட்டியது, தகரங்களைத் தரையில் படுக்கப்போட்டு மேலே மணல் மூட்டைகளை அடுக்கினோம், தம்பி மனைவி அண்டாவில் தண்ணீர் பிடித்தாள், கஜாவுக்குப் பிறகு நட்ட தென்னைகள் இப்போது கைக்கு எட்டும் உயரத்தில்தான் குலை தள்ளியிருக்கின்றன, அடிமட்டைகளை நானே வெட்டினேன். மாட்டின் கயிற்றைத் தம்பி அவிழ்த்தான், அண்ணன் சொல்கிறான் என்பதற்காக அவன் செய்ததாகத் தெரியவில்லை, கஜாவில் பார்த்தது அவனுக்குள் இருந்தது.

எதிர் வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, என்ன தம்பி, புயல் வர்றதுக்கு முன்னாடியே கொட்டகையைக் காணோம் என்று கேட்டார். தம்பி மகன் ஏணியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "காத்து மேக்கேருந்து வருதாம் மாமா, உங்க தகரமும் மேக்க பார்த்துத்தான் இருக்கு, போல்ட்டு எத்தனாம் நம்பர்னு சொல்லுங்க, ஸ்பேனர் கையிலயே இருக்கு" என்றபடி வேலியைத் தாண்டிப் போனான்.